கத்திரி வெயிலிலும் ஓடும் ஆறு: நெல்லை ஆற்றங்கரையின் கோடைக்காலம்

சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆற்றுப்பாலங்கள் மணலுக்கு மேல்தான் நிற்கின்றன. காவிரிக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. மேட்டூர் திறக்கும்வரை திருச்சிக்காரர்கள் பெரும்பாலும் மணல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கே வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. திருநெல்வேலியில் தாமிரபரணி கத்திரி வெயிலிலும் ஓடுகிறது. கரை தொட்டு ஓடுவதில்லை. பாறைகளுக்கும் மணல் திட்டுகளுக்கும் இடையே இரண்டு மூன்றாகப் பிரிந்து, ஓரிடத்தில் முழங்கால் அளவும் அடுத்த இடத்தில் ஆளை முழுக்கும் ஆழமுமாகப் போகிறது. ஆனாலும் ஓடுகிறது. கோடை விடுமுறையில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், பெரியவர்கள் எங்கே கூடுவார்கள், கொடை எனப்படும் அம்மன் கோயில் விழாவுக்குக் குடம் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

ஆற்றங்கரை என்று இங்கே நான் சொல்வது நகரத்துக்குள் வரும் சில கிலோமீட்டர் நீளத்தை. மேற்கே குறுக்குத்துறை, அடுத்து மீனாட்சிபுரம், எதிர்க்கரையில் கொக்கிரகுளம், பாலம் தாண்டினால் வண்ணார்பேட்டை, இந்தப் பக்கம் கைலாசபுரம், சிந்துபூந்துறை, அப்பால் மணிமூர்த்தீஸ்வரம். ஒரு கரையில் டவுனும் ஜங்ஷனும், மறுகரையில் பாளையங்கோட்டை. 1843இல் சுலோச்சன முதலியார் பாலம் வரும்வரை இரண்டு ஊருக்கும் இடையே ஓடமும் காத்திருப்பும்தான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை ஊழியராக, இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் அந்தப் பாலத்தைக் கட்டிக்கொடுத்தார். இப்போது பக்கத்திலேயே புதிய பாலமும் வந்துவிட்டது. மேலே பஸ்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போகும் நேரத்தில் கீழே ஒருவர் நிதானமாக முதுகு தேய்த்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. முழு நீளமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஆறு. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒரே மாவட்டத்துக்குள் பிறந்து ஒரே மாவட்டத்துக்குள் முடிந்தது. தண்ணீருக்காக அண்டை மாநிலத்தோடு வழக்காட வேண்டிய தலைவிதி இதற்கு இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பொதிகையை நனைக்கின்றன. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் அந்த மழையைத் தேக்குகின்றன. அணைகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பன்மடங்கு பழைய ஏற்பாடு ஒன்று உண்டு: கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும், தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. நெல்லை நகரம் ஆறாவதான சுத்தமல்லிக்கும் ஏழாவதான மருதூருக்கும் இடையில் இருக்கிறது.

பிசானம் எனும் நெல் பருவம் முடிந்து அறுவடையாகும் பங்குனி வாக்கில் பாசனக் கால்வாய்கள் அடைக்கப்படும். அதுவரை சுத்தமல்லியில் பிரிந்து நெல்லைக் கால்வாயாக டவுனுக்குள் போய் நயினார்குளத்தை நிரப்பிய தண்ணீரும், பழவூரில் பிரிந்து பாளையங்கால்வாயாகப் போன தண்ணீரும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அணையிலிருந்து திறப்பது பெரும்பாலும் குடிநீருக்கு. திருநெல்வேலிக்கு மட்டுமன்றி, தூத்துக்குடிக்கும் அதற்கு அப்பால் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டைக்கும் போக வேண்டிய தண்ணீர் அது. குழாய்க்குள் ஏறும் இடம்வரை அது ஆற்று வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆக, மே மாதத்தில் குறுக்குத்துறையில் முங்கி எழுபவர், கொஞ்சம் கீழே போய் யாரோ ஒருவர் குடிக்கப்போகும் தண்ணீரில்தான் முங்குகிறார். இதை ஒரு குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. வெறும் குளியலால் ஆறு கெட்டுப்போகும் என்றால் தாமிரபரணி எப்போதோ கெட்டுப்போயிருக்க வேண்டும். மே மாத ஆறு இயற்கையின் கொடை என்பதைவிட நிர்வாகத்தின் கணக்கு என்பதே சரி. பாபநாசத்தில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இங்கே படித்துறையில் ஒரு படி மூழ்கும் அல்லது தெரியும்.

கோடைக்காலத்தில் படித்துறைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. விடிவதற்கு முன்னால் வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கைலிக்கு மேல் துண்டு, கையில் ஒரு சின்ன வாளி, அதற்குள் சோப்பு, திருநீற்றுச் சம்புடம். குளித்து, ஈர வேட்டியோடு சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக் குறுக்குத்துறை முருகனைத் தரிசித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் அது. பெருவெள்ளத்தில் மூழ்கும், வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள், வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். திருச்செந்தூர் மூலவரை வடித்த கல் இங்கிருந்து போனது என்பது ஊர்வழக்கு. கோடையில் அந்தக் கோயிலைச் சுற்றி உள்ள பாறைகளும் கல்மண்டபங்களும் முழுதாக வெளியே தெரியும். நிழலுக்கு நிழல், காற்றுக்குக் காற்று. வீட்டில் மின்சாரம் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மண்டபங்களில் வந்து படுப்பவர்கள் இன்றும் உண்டு. ஏழெட்டு நூற்றாண்டு மூத்த குளிரூட்டி என்று பெருமையடிக்க எனக்கு ஆசைதான். மண்டபங்களின் காலத்தைக் கல்வெட்டு படித்தவர்கள் சொல்லட்டும்.

எட்டு மணிக்கு மேல் துணி துவைப்பவர்கள் வருவார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஆறு காலியாகும். மூன்றரை, நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துசேர்வார்கள். ஐந்து மணிக்குமேல் வேலை முடிந்து வருபவர்கள், மாட்டைக் குளிப்பாட்டுபவர்கள், தூண்டில் போடுபவர்கள், ஒன்றும் செய்யாமல் கரையில் உட்கார்ந்திருப்பதற்காகவே வருபவர்கள். இந்தக் கடைசி வகையினரை எந்தக் கணக்கெடுப்பிலும் சேர்க்க முடியாது. ஆனால் ஒரு பகுதியின் பொதுவாழ்க்கை அவர்களால்தான் நடக்கிறது. யார் வீட்டில் கல்யாணம், யார் இடத்தை விற்கிறார், கவுன்சிலர் என்ன சொன்னார் என்பதெல்லாம் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு முடிவாகும் விஷயங்கள்.

நீச்சல் கற்பதற்கென்று இங்கே தனியாகப் பயிற்சி முகாம் எதுவும் கிடையாது, அண்ணன்மார்தான் ஆசிரியர்கள். ஒரு தலைமுறைக்கு முன் சுரைக்குடுக்கையும் வாழைத்தண்டும் கட்டிக்கொண்டு கற்றார்கள். பிறகு லாரி டியூப் வந்தது. இப்போது மூடியை இறுக்கிய பிளாஸ்டிக் கேன். கற்றுத்தரும் முதல் பாடம் கைவீசுவது எப்படி என்பதைவிடக் கசம் எங்கே இருக்கிறது என்பதுதான். ஆற்றில் திடீரென்று ஆழமாகும் குழியைக் கசம் என்பார்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் கசம் இருக்கிறது, எந்த இடத்தில் சுழல் இழுக்கும், எந்தக் கல்லிலிருந்து குதிக்கலாம், எதிலிருந்து குதிக்கக் கூடாது என்ற இந்த அறிவு எழுதிவைக்கப்பட்டதல்ல. தெருப் பையன்களின் வாய்வழி வரைபடம் அது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அடுத்த கோடையில் அதைத் திருத்த வேண்டும். வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்து குளிக்க இறங்குபவர்களிடம் அந்த வரைபடம் இருக்காது. ஆறு அமைதியாகத் தெரியும் மாதத்திலேயே மூழ்கி இறப்பவர்களைப் பற்றிய செய்திகள் வருவதற்கு இது முக்கியமான காரணம்.

மற்றொரு காரணம் மணல். ஆற்றுப்படுகையை அள்ளியபோது உண்டான பள்ளங்கள் ஆற்றின் இயல்பான கசங்களைப் போல இருந்த இடத்தில் இருப்பதில்லை. அவற்றை எந்த அண்ணனாலும் அடையாளம் காட்ட முடியாது. 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுகளுக்குத் தடை விதித்தது. தடைகளுக்குப் பிறகும் திருட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. 2023 ஏப்ரலில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், முறப்பநாடு பக்கம், மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் போனால் குளிப்பவருக்கு மட்டும் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஊருக்குக் குடிநீர் எடுப்பது படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து. மேல்மணல்தான் அவற்றுக்கு வடிகட்டி.

கோடையின் விழாக்கள் சித்திரை முதல் நாளிலேயே தொடங்கிவிடும். விசுவுக்குப் பாபநாசத்தில் தீர்த்தவாரி; நெல்லையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பஸ் ஏறிப் போவார்கள். சித்ரா பௌர்ணமிக்கு உள்ளூர் ஆறே போதும். புளியோதரை, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, கூட வற்றலும் அப்பளமுமாகப் பாத்திரங்களோடு மணலில் இறங்கி, நிலா ஏறும்போது வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது நிலாச்சோறு. மின்விளக்கும் தொலைக்காட்சியும் வந்தபிறகு இது மெலிந்துவிட்டது என்பது உண்மை. செத்துவிடவில்லை என்பதும் உண்மை. மணல் திட்டு இருக்கும் இடங்களில்தான் இது நடக்கும் என்பதால், மணல் போன இடத்தில் நிலாச்சோறும் போயிற்று.

ஆனால் இந்தக் கரையின் உண்மையான கோடை விழா என்றால் அது கொடைதான். வண்ணார்பேட்டையில் ஆற்றோரம் இருக்கும் பேராச்சி அம்மன் தொடங்கித் தெருவுக்கொரு அம்மன், சுடலைமாடன், முண்டன் என்று சித்திரை, வைகாசி, ஆடியில் கொடைகள் வரிசையாக வரும். ஒரு கொடைக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால் ஒரு தெரு எப்படி ஒரு சமூகமாக இயங்குகிறது என்பது தெரியும். முதலில் வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. சென்னையில், வளைகுடாவில், பெங்களூரில் வேலைபார்க்கும் பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனியே எழுதப்படும். வரி கொடுக்காவிட்டால் ஊரில் பங்கு இல்லை. பிறகு கால்நாட்டு, அதாவது பந்தக்கால் நடுவது. கொடையன்று காலையில் மேளத்தோடு ஆற்றுக்குப் போய்த் தீர்த்தக்குடம் எடுத்துவருவார்கள். மதியக்கொடை, இரவில் சாமக்கொடை, நடுவில் வில்லுப்பாட்டு, சில கோயில்களில் கணியான் கூத்து. மறுநாள் மஞ்சள்நீர் தெளித்துவிட்டு எல்லாரும் போய் முங்குவது ஆற்றில்தான். பள்ளி விடுமுறை, வெளியூர்ப் பிள்ளைகளின் வருகை, அறுவடை முடிந்த கைச்செலவு, ஆற்றில் அளவான தண்ணீர் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் காலம் இது என்பதால் கொடைகள் பெரும்பாலும் கோடையில் விழுகின்றன என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் யாரும் பந்தல் போட மாட்டார்கள்.

தின்பதும் குடிப்பதும் வெயிலோடு வருபவை. பனையோலைப் பட்டையில் பதநீரும் அதில் மிதக்கும் நுங்கும், சாலையோரத்தில் நன்னாரி சர்பத், தெருமுனையில் கூழ். இவற்றைப் பற்றி எழுத ஆளுக்குக் குறைவில்லை. நான் அடுத்ததற்குப் போகிறேன்.

அழகாக மட்டும் சொல்லிக்கொண்டே போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஆற்றங்கரை பொதுவெளி என்று சொல்லுகிறோம். அது என்றைக்கும் எல்லாருக்கும் ஒரே அளவில் பொதுவாக இருந்ததில்லை. எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் மேலே, யார் கீழே என்பதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. தெருவின் பெயரும் சாதியின் பெயரும் துறைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று சொல்பவர்களுக்கு 2023 அக்டோபர் இறுதியில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். மணிமூர்த்தீஸ்வரம் பக்கம் ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பிய பட்டியல் சமூக இளைஞர்கள் இருவரை ஒரு கும்பல் மறித்து, ஊரையும் சாதியையும் கேட்டு அடித்து, ஆடையை அவிழ்க்கவைத்து, மேலே சிறுநீர் கழித்தது. ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஆற்றில் குளிப்பது என்பது எல்லாருக்கும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. சிலருக்கு அது இன்றும் துணிச்சலான காரியம்.

இதே ஆற்றில், கொக்கிரகுளம் பக்கம், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தபோது, ஓடிய மக்கள் தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். ஒரு குழந்தை உள்பட பதினேழு பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கட்சிகளும் இயக்கங்களும் வந்து ஆற்றில் மலர் தூவுகின்றன. அந்த இடத்துக்கு அருகில்தான் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருபவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியாது.

பெண்களின் நிலை வேறு கதை. ஒரு காலத்தில் காலை நேரத்து ஆறு பாதிக்குமேல் பெண்களுடையது. குளியல், துவைப்பு, பாத்திரம், குடிநீர்க் குடம், இவற்றோடு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து பேசக் கிடைத்த ஒரே மணிநேரமும் அதுதான். வீட்டுக்குள் குழாயும் குளியலறையும் வந்தன. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. குறுக்குக்கட்டோடு ஆண்கள் பார்க்கும் படித்துறையில் குளிப்பதைவிடக் கதவடைத்த குளியலறை எவ்வளவோ மேல். ஆனால் பெண்கள் விலகியபோது அவர்களுடைய கண்காணிப்பும் விலகிவிட்டது. எச்சில் துப்பினால் அதட்டியவர்கள், சோப்புத் தாளை எறிந்தால் ஏசியவர்கள் அவர்கள். இப்போது மாலை மங்கியபிறகு சில துறைகளில் மது பாட்டிலோடு உட்காரும் கூட்டம் மட்டும் மிஞ்சுகிறது. உடைந்த கண்ணாடியால் பிள்ளைகளின் கால் கிழிகிறது; அதனால் பிள்ளைகளையும் அனுப்ப யோசிக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டி நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைத்தது இந்த இடத்தில்தான் வருகிறது. குழாய் வந்ததால் ஆற்றோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டதாக நகரத்தார் நினைக்கிறார்கள். குழாயில் வருவதும் அதே ஆறுதான். சுத்தமல்லியிலும் கொண்டாநகரத்திலும் நகரத்துக்கு மேலே எடுக்கும் தண்ணீர் ஒருபுறம் இருக்கட்டும். பாளையங்கோட்டைப் பக்கத்துக்கு எடுக்கும் மணப்படைவீடு, ஆறு நகரத்தைத் தாண்டிவந்த பிறகு வரும் இடம். டவுனிலும் ஜங்ஷனிலும் ஓடையில் விட்டதெல்லாம் கடந்து வந்த தண்ணீர் அது. படித்துறையில் இறங்குகிறவருக்கு இது உடனே தெரியும்: நேற்று இல்லாத நாற்றம், காலில் வழுக்கும் பாசி, ஒதுங்கிக் கிடக்கும் அமலைச் செடி. குழாயைத் திறப்பவருக்குக் குளோரின் வாசனைதான் தெரியும்.

அமலை என்று இங்கே சொல்லும் ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தால் அங்கே கழிவுநீர் கலக்கிறது என்று பொருள். கழிவில் வரும் சத்துதான் அதற்கு உரம். 1994இல் நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. பாதாளச் சாக்கடைத் திட்டம் கட்டம் கட்டமாக வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இடையில் பழைய ஓடைகளும் பாசன வாய்க்கால்களும் சாக்கடையாகிவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன் பிள்ளைகள் குதித்துக் குளித்த நெல்லைக் கால்வாயில் இப்போது இறங்கச் சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள். வழக்குகள் போடப்பட்டன, 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து ஆற்றைப் பார்த்தார்கள். மேலே பாபநாசத்தில் வேறு விதமான அழுக்கு: பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப்போகும் பழக்கம். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளுகிறார்கள். அள்ள அள்ள வருகிறது. பாவம் போகிறதோ இல்லையோ, பாலியெஸ்டர் போவதில்லை.

கெட்ட ஆற்றைத் திரும்ப மீட்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைக் காட்டலாம். 1986 நவம்பர் 1 அன்று அங்கே ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, அணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிமருந்துகள் ரைன் நதியில் கலந்தன. நதி சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கரையோர நாடுகள் அடுத்த ஆண்டே செயல்திட்டம் போட்டன. இன்று கோடை மாலைகளில் அலுவலகம் முடிந்தவர்கள் உடையை மீன் வடிவப் பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு மிதந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஆகஸ்டில் நகரமே சேர்ந்து நீந்தும் ஒரு நாளும் உண்டு. அங்கே சுத்திகரிப்பு முதலில் வந்தது, அதற்குப் பின்னால்தான் இவ்வளவு பேர் தண்ணீருக்குள் வந்தார்கள். நெல்லையில் குளிப்பவர்கள் இன்னும் ஆற்றை விட்டுப் போகவில்லை. வர வேண்டியது சுத்திகரிப்பு மட்டும்தான். பணக்கார நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சாக்கடைக்குத் தனிக் குழாய் போடுவது விண்வெளி ஆராய்ச்சி இல்லை; அதைச் செய்யும் பொறியாளர்கள் பாளையங்கோட்டையிலேயே படித்து வெளியே வருகிறார்கள்.

ஆற்றங்கரையை அழகுபடுத்துவோம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நெல்லையின் பெயர் 2017இல் சேர்ந்தபிறகு அது அடிக்கடி எழுந்தது. அந்தப் பேச்சில் எப்போதும் நடைபாதை, அலங்கார விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் இடம், சுற்றிலும் கம்பிவேலி. இவை ஆற்றைப் பார்ப்பவருக்கான ஏற்பாடுகள், ஆற்றில் இறங்குபவருக்கானவை அல்ல. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், குறுக்குத்துறைக் கோயில் மூழ்கியது. மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. ஆற்றின் அகலம் எவ்வளவு என்பதை ஆறு வந்து அளந்து காட்டிவிட்டுப் போனது. அதற்குள் எதைக் கட்டினாலும் அடுத்த அளவெடுப்பில் போய்விடும். கல்மண்டபமும் படித்துறையும் மட்டும் மறுபடி வெளியே வந்தன, சேறு கழுவிவிட்டால் போதும் என்ற நிலையில்.

குளிப்பவர்களிடம் கேட்டால் வேறு பட்டியல் கிடைக்கும். பெண்களுக்கு உடை மாற்ற நான்கு சுவர், இரவு எட்டு மணிவரை எரியும் விளக்கு, பாட்டிலோடு வருபவரைத் திருப்பி அனுப்ப ஒரு காவலர், ஆழம் மாறும் இடங்களில் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் அளந்து எழுதிய பலகை, அந்த அளவை எடுக்கத் தெருப் பையன்களுக்கு ஒரு நாள் கூலி. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஓடை எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்று பெயரோடு எழுதி, அது அடைபட்டதா இல்லையா என்று மாதாமாதம் மாநகராட்சி வாசலில் ஒட்டும் ஒரு தாள். ஜூன் பிறந்து சாரல் விழுந்ததும் கூட்டம் குற்றாலத்துக்குத் திரும்பிவிடும். செய்தித்தாள்களும் அருவிக்குப் போய்விடும். எனவே இதையெல்லாம் கேட்க வேண்டிய மாதங்கள் ஏப்ரலும் மேயும்தான். ஆற்றில் ஆள் நிற்கும்போதே கேட்டால்தான் கேட்பவருக்கும் ஒரு பலம்.